நோன்பு பிடித்த உடம்பு

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறு பத்து.

மாமல்லபுரத்தில் ஸ்டான்லியின் ஜிம் மாடியில் இருந்தது. ஜன்னல் வழியே கடல் தெரியாது. உப்புக் காற்று மட்டும் வரும். இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். ஸ்டான்லி எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

ஜாவித் கம்பியைத் தோளில் ஏற்றினான். மெல்ல உட்கார்ந்தான். எழ முடியவில்லை.

"ஏந்திரி மச்சான். ஏந்திரி."

ஸ்டான்லி பின்னாலிருந்து பிடித்தான். இருவருமாகக் கம்பியைத் தாங்கியில் வைத்தார்கள்.

"இன்னாடா இது? மொத வாரம் இதே வெயிட்ட சிரிச்சுகினே தூக்கின. ஒடம்பு ஏறணும்டா. நீ எறங்கினு போற."

"தூக்கம் இல்ல."

"இன்னா துன்ன?"

"பேரீச்சம்பழம்."

"எப்ப?"

"காலைல."

"இப்பவே காலைதான். எந்தக் காலைல?"

ஜாவித் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குள்ளும் அறை சுற்றியது.

இன்று செவ்வாய். டாக்டர் கொடுத்த ஆறு வாரம் இன்றோடு முடிகிறது.

அவனைப் பெற்ற அத்தா பஷீருதீனுக்கு ஈரல் சுருங்கிவிட்டது. ஒரு சொட்டு தொடாத மனிதர். சர்க்கரையும் கொழுப்பும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் செய்த வேலை. மாற்று ஈரல் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அக்கா ஆஸ்மாவுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. ஜாவித்துக்குச் சேர்ந்தது.

ஆனால் அவன் ஈரலிலும் கொழுப்பு இருந்தது. இருபத்தேழு வயதில்.

அப்படியே பாதியை வெட்டி வைத்தால் அது அத்தாவைக் காப்பாற்றாது. மிச்சப் பாதி அவனையும் காப்பாற்றாது. டாக்டர் அன்பரசி விரலை நீட்டிச் சொன்னார். கொழுப்பு இறங்க வேண்டும். தசை இறங்கக் கூடாது. ஏறினால் இன்னும் நல்லது. சாப்பிடுங்கள், எடை தூக்குங்கள்.

ஸ்டான்லி தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஜாவித் வாங்கவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஸ்டான்லி அவன் உதட்டைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"நோம்பா?"

ஜாவித் பாட்டிலைத் திருப்பித் தள்ளினான்.

"டேய். ரம்ஜான் முடிஞ்சு எத்தினி மாசம் ஆச்சு?"

"இது வேற."

"வேறன்னா?"

"நேர்ந்துகினேன்."

"எப்பலருந்து?"

"மொதல்லருந்து."

ஸ்டான்லி எதிரில் தரையில் குந்தினான். பள்ளியில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஜாவித் இங்கே ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மறுபடியும் நெருங்கினார்கள்.

"உங்கம்மா தெனம் கட்டிக் குடுக்கற டப்பா? முட்ட, மீனு, சுண்டலு?"

"ஓட்டல் கேட்ல வாட்ச்மேன் சுப்பிரமணி அண்ணாத்த துன்னுடுவாரு."

"அதான் அந்தாளு பெல்ட்டுக்குப் புது ஓட்ட போட்டுகினு சுத்தறாரா?"

இருவரும் சிரித்தார்கள். ஸ்டான்லி முதலில் நிறுத்தினான்.

"ராத்திரி?"

"ரெண்டு தோச. கோச் அவ்ளோதான் சொன்னாருன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"நானா சொன்னேன்? என் பேர்லயா சொன்ன?"

"சீக்கிரம் எறங்கும்னு நெனச்சேன். நேர்ச்சையும் ஆச்சு, கொழுப்பும் எறங்கும்."

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. கல்லு ஒன் மண்டைலதான்டா வுழப்போது." ஸ்டான்லி குரலைத் தாழ்த்தினான். "நீ வெயிட்டு தூக்கினா ஒடம்பு சோறு கேக்கும். குடுக்கலன்னா இன்னா பண்ணும்? சதையத் துன்னும். ஆறு வாரமா நீ ஒன்னையே துன்னுகினு இருந்துகீற."

"வெயிட்டு எறங்கிச்சே."

"எறங்கிச்சு. எது எறங்கிச்சு?"

ஜாவித் எழுந்தான். சுவரைப் பிடித்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? இன்னிக்கு மிஷினு சொல்லும்."

*

கோவளத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே அத்தாவின் குரல் கேட்டது. அது கேட்கும்வரை அவன் தினமும் வாசலில் நிற்பான். கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவான்.

பஷீருதீன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். கையில் ரப்பர் பந்து. அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். வயிறு நீர் கோத்துப் பானைபோல் நின்றது. அதற்கு மேலும் கீழும் மனிதர் கரைந்துபோயிருந்தார். படகுகளுக்கு ஐஸ் போட்டவர். ஒரு முழு ஐஸ் பாரை ஒற்றை ஆளாகத் தோளுக்கு ஏற்றியவர்.

"வா பயில்வான்."

"அஸ்ஸலாமு அலைக்கும்த்தா."

"வ அலைக்கும் ஸலாம். உங்கம்மா அநியாயத்தப் பாரு. நாலாவது முட்ட. எனக்கு ஏறணுமாம், ஒனக்கு எறங்கணுமாம். ஒரே வூட்டுல ரெண்டு சட்டம்."

"பேசாம தின்னுங்க," என்றாள் அம்மா ஷஹர்பானு. "டாக்டரம்மா சொல்லிகீறாங்க. பசிக்க வுடக் கூடாதாம்."

"பசியா? அது என்ன வுட்டுப் போயி வருஷமாச்சு."

நேற்று மாலையே ஆஸ்மா செங்கல்பட்டிலிருந்து வந்துவிட்டாள். அம்மாவும் தம்பியும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை அத்தாவோடு இருக்க. நான்கு வயது மகள் ஆயத்தை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேய், ஒன் மூஞ்சி ஒரு மாதிரி கீது."

"எளைச்சுட்டான்ல?" ஷஹர்பானுவின் குரலில் பெருமை இருந்தது. "பேண்ட்ட ரெண்டு தபா புடிச்சுத் தச்சேன். இன்னும் லூசு."

"எளைச்ச மாதிரி தெரில. காய்ச்சல்ல கெடந்த மாதிரி கீது."

"வாய வெக்காதடி."

ஷஹர்பானு மகன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அவருக்கும் முதலில் கன்னம்தான் ஒட்டியது. அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் டப்பாவை மூடினாள்.

"நாஸ்தா?" என்றாள் ஆஸ்மா.

"ஸ்கேன் கீது. வெறும் வயித்துல வரச் சொன்னாங்க."

இன்று ஒரு நாள் அது பொய் இல்லை. சொல்வதற்கு எளிதாக இருந்தது.

"கிட்ட வா," என்றார் பஷீருதீன்.

ஜாவித் குனிந்தான். அத்தா பந்தை மடியில் போட்டுவிட்டு அவன் புஜத்தைப் பிடித்தார். விரல்கள் நடுங்கின. கொஞ்சம் மேலே போயின. கீழே வந்தன. எதையோ தேடின. சுற்றி வளைத்தபோது கட்டைவிரலும் நடுவிரலும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டன.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"எனக்காக ஒண்ணும் பண்ணாதடா," என்றார். "போ. பஸ்ஸு போயிடும்."

*

கேளம்பாக்கத்தில் பஸ் மாறினார்கள். ஜன்னல் ஓரம் ஷஹர்பானு. மடியில் கூடை. கூடையில் டப்பா.

"ஸ்கேன் முடிஞ்சதும் தின்னுடு. ஆறும் வெள்ளக் கருதான். மீனு தவாவுல காட்டி வெச்சுகீறேன்."

"சரிமா."

திருப்போரூர் தாண்டியதும் காற்று சூடானது. ஜாவித்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எச்சிலைச் சேர்த்து விழுங்கப் பார்த்தான். சேரவில்லை.

"பயமா கீதா?"

"இல்ல."

"எனக்கு கீது." அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆபரேஷன் அன்னிக்கு ரெண்டு கதவாம். அக்கா சொன்னா. ஒரு கதவு வழியா ஒன்ன கூட்டினு போவாங்க. இன்னொண்ணு வழியா அவர. நான் எந்தக் கதவப் பாத்துகினு குந்தறது?"

ஜாவித் அவள் கையைப் பிடித்தான். அவள் கை சூடாக இருந்தது. அவன் கை சில்லென்றிருந்தது.

"இன்னாடா, ஐஸு மாதிரி கீது?"

"காத்து."

அனல் காற்று வீசியது. அவள் அவனைப் பார்த்தாள்.

*

செவ்வாய்க்கிழமைகளில் டாக்டர் அன்பரசி செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு கிளினிக்கில் உட்காருவார். மற்ற நாட்களில் சென்னையில் அறுவை சிகிச்சை.

ரத்தம் போன வாரமே கொடுத்தாயிற்று. இன்று முதலில் ஸ்கேன். பிறகு மிஷின். செருப்பைக் கழற்றி வெறுங்காலில் ஏறி நிற்க வேண்டும். இரண்டு கைப்பிடிகளையும் பிடிக்க வேண்டும். உடம்பில் எது எலும்பு, எது தண்ணீர், எது கொழுப்பு, எது தசை என்று அது பிரித்துச் சொல்லும்.

"ஆடாம நில்லுங்க சார்," என்றாள் மிஷினைப் பார்க்கும் பெண் சிநேகா.

"ஆடலையே."

"ஆடறீங்க."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மிஷின் முனகியது. சிநேகா திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி ஏறுங்க."

"ஏன்?"

"சும்மாதான். ஏறுங்க."

இரண்டாவது முறை பார்த்ததும் அவள் எழுந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் முறை அப்படிச் செய்யவில்லை.

உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் படத்தைத் திரையில் வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு மேகம். அதுதான் அவன் ஈரல்.

"எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஷஹர்பானு.

"இறங்கினதுல பாதிக்கு மேல தசைம்மா."

அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது.

"ஈரல்ல கொழுப்பு குறைஞ்சிருக்கு. எனக்கு வேணுங்கற அளவுக்கு இல்ல. ரத்தத்துல ஈரலோட அளவுகள் மோசமா வந்திருக்கு. போன தடவை இப்படி இல்ல. பட்டினி கிடக்கறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"பட்டினியா?" ஷஹர்பானு நிமிர்ந்தாள். "என்ன டாக்டர் சொல்றீங்க? நானே கட்டிக் குடுக்கறேன். தெனமும் ஆறு முட்ட, மஞ்சக் கரு எடுத்துட்டு. மீனு, எண்ணெய் இல்லாம. ஒரு நாள் சுண்டலு, ஒரு நாள் பயிறு. நீங்க சொன்னது ஒண்ணுகூட வுடல. டப்பாவுல ஒரு பருக்க மிச்சம் வெச்சதில்ல என் புள்ள. கழுவினாப்புல கொண்டாந்து வெப்பான்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு ஜாவித்தைப் பார்த்தார்.

"ஜாவித், அதைச் சாப்பிட்டது யாரு?"

மின்விசிறி சுற்றியது. வெளியே எங்கோ மின்சார ரயில் நின்று கிளம்பியது.

"நோன்பு டாக்டர்," என்றான்.

"எத்தனை நாள்?"

"எல்லா நாளும்."

ஷஹர்பானு அவன் பக்கம் திரும்பவில்லை. கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நோன்பைத் தப்பு சொல்லல நான்," என்றார் டாக்டர். "ரமலான்ல நோன்பு வெச்சுகிட்டே எடை தூக்கறவங்களையும் பார்த்திருக்கேன். அவங்க ராத்திரில சாப்பிடுவாங்க. நீங்க ராத்திரிலயும் சாப்பிடல. இல்லையா?"

"ம்."

"உங்களை இப்ப மேஜையில ஏத்த முடியாது."

"நான் தாங்குவேன் டாக்டர்."

"மாட்டீங்க."

"தாங்குவேன்."

"பாதியை எடுத்தா மீதி பாதி உள்ள வளரணும். அது வளர்றதுக்குச் சோறு வேணும். எழுந்து நடக்கப் பலம் வேணும். இருமறதுக்குக்கூட வயித்துல தசை வேணும். இருமலன்னா நெஞ்சுல சளி கட்டும். உங்க அத்தாவைக் காப்பாத்தறேன்னு உங்களைக் கொல்ல என்னால முடியாது."

யாரும் அந்த அறையில் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"இன்னும் டைம் கீதா?" ஷஹர்பானுவின் குரல் வேறு யாருடையதோபோல் வந்தது.

"நாலு வாரம் பார்க்கலாம். இன்னிலருந்து சாப்பிடணும். எடை தூக்கணும், மெதுவா. கொழுப்பு இறங்கும், தசை ஏறும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். எல்லாருக்கும் நடக்காது. இவருக்கு நடக்கும். வயசு இருக்கு. ஆனா பயந்து பயந்து செஞ்சா நடக்காது."

"அத்தாவுக்கு நாலு வாரம் இருக்கா டாக்டர்?" என்றான் ஜாவித்.

டாக்டர் திரையை அணைத்தார். மேகம் போனது.

"போன மாசம் கேட்டிருந்தா இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

*

பழைய பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. ஷஹர்பானு உட்கார்ந்தாள். கிளினிக்கிலிருந்து இங்கே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோக்காரரிடம்கூடக் கையால்தான் காட்டினாள்.

ஜாவித் நின்றுகொண்டிருந்தான்.

"குந்து."

குந்தினான்.

"கத்திக்குப் பயந்துகினு இப்படிப் பண்ணியா? நெசத்தச் சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன். பயந்தா பயந்தேன்னு சொல்லு."

"பயம்தாம்மா. கத்திக்கு இல்ல."

"பின்ன?"

அவன் தரையைப் பார்த்தான். வெற்றிலைக் கறை. நசுங்கிய டிக்கெட்டுகள்.

"அத்தா ரத்த வாந்தி எடுத்தாரே, அன்னிக்கு. ஆம்புலன்ஸ்ல நீ முன்னாடி குந்தினு இருந்த. நான் பின்னாடி. பக்கெட்டு ரொம்பிச்சு. நிக்கல. நான் சொன்னேன். யா அல்லாஹ், இவருக்கு ஆபரேஷன் ஆகற வரைக்கும் பகல்ல நான் தண்ணிகூடத் தொட மாட்டேன். இவர வுட்டுடுன்னு."

ஷஹர்பானு கூடையின் பிடியை முறுக்கினாள்.

"சொல்லி முடிச்சேன். நின்னுடுச்சும்மா. வாந்தி நின்னுடுச்சு. மருந்து போட்டாங்க, அதனாலதான்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொல்லி முடிச்சேன், நின்னுடுச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அதுக்கு?"

"இப்ப வுட்டா?"

அவன் குரல் உடைந்தது. பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வேறு இடம் போனார்.

ஷஹர்பானு டப்பாவைத் திறந்தாள். முட்டைகள் வெள்ளையாக இருந்தன. பாதி பாதியாக நறுக்கி, மஞ்சள் எடுத்த குழியில் மிளகுத்தூள் தூவியிருந்தாள். எத்தனை விடியற்காலைகளில் இப்படித் தூவியிருப்பாள் என்று ஜாவித் முதல்முறையாக யோசித்தான்.

"தின்னு."

"அம்மா."

"நேர்ச்ச வுட்டா பரிகாரம் கீது. பத்து ஏழைங்களுக்குச் சோறு. நான் ஆக்கிப் போடறேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட நான் போயி கேக்கறேன்."

"அல்லாஹ்கிட்ட யாரும்மா கேக்கறது?"

அவள் கை நின்றது.

அவளுக்கும் பயம் வந்தது. அதை அவன் பார்த்தான். கண்ணில் வந்தது, கன்னத்துக்கு இறங்கியது, வாயை இழுத்தது. அவளும் நம்பினாள். ஒரு நொடி அவளும் கணக்குப் போட்டாள். இந்த நோன்புதான் அவரை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததோ என்று.

பிறகு அதை விழுங்கினாள்.

"ஒன் ஒடம்பு ஒன்னுதா?"

"என்ன?"

"கேக்கறேன். ஒன்னுதா? பாதி அவருது. குடுக்கறேன்னு சொல்லிட்ட. சொன்ன அன்னிக்கே அவருதாயிடுச்சு. அவர் பாதியப் பட்டினி போட நீ யாரு?"

அவன் அழுதான். சத்தமில்லாமல். கண்ணீர்கூடக் கொஞ்சம்தான் வந்தது. உடம்பில் தண்ணீர் இல்லை.

"நாலு வாரம்தான்டா கீது," என்றாள். "அதுவும் கீதோ இல்லையோ. தின்னு என் ராசா. கால்ல வேணா வுழறேன்."

"அய்யோ, சும்மா இரும்மா."

"அப்ப தின்னு."

வெயில் பெஞ்சின் காலடிவரை வந்திருந்தது. நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. "திருக்கழுக்குன்றம், கல்பாக்கம்!" என்று ஒரு நடத்துநர் கத்திக்கொண்டு போனார்.

ஜாவித் ஒரு பாதியை எடுத்தான். மிளகு உதிர்ந்தது.

ஷஹர்பானு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். அவன் பிள்ளையாக இருந்தபோது நோன்பு நாளில் ஒளிந்து தின்றால் இப்படித்தான் திரும்பிக்கொள்வாள்.

"பிஸ்மில்லாஹ்."

வாயில் வைத்தான். கடித்தான். முட்டை வறண்ட வாயில் மாவாகி ஒட்டியது. இறங்கவில்லை. அவள் பார்க்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்கும் வழி முழுவதும் தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். ஒரு பெண் குழந்தையைத் திட்டினாள். வானம் அப்படியே இருந்தது.

இரண்டாவதை எடுத்தான். மூன்றாவது. மீனைப் பிய்த்தான். இப்போது பசி எழுந்தது. ஆறு வாரமாக அவன் அடக்கி வைத்திருந்த பசி. அது அவன் கையைவிட வேகமாக இருந்தது. ஷஹர்பானு திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகில் கை வைத்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.

"மெதுவா. மெதுவாடா. யாரும் புடுங்க மாட்டாங்க."

அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினான். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான்.

"சுப்பிரமணி அண்ணாத்த தெனம் பாராட்டுவாரும்மா. உங்க வூட்டு மீனு மாதிரி எங்கியும் துன்னதில்லன்னு."

"நாசமா போறவன். அவனுக்கு ஆறு வாரத்துக்கு பில்லு போடறேன் பாரு."

அப்போதுதான் கூடைக்குள் போன் அடித்தது.

அவள் தேடினாள். துப்பட்டி, தைலம், ஸ்கேன் கவர். கடைசியில் கிடைத்தது.

"ஆஸ்மாதான். சொல்லுமா. முடிஞ்சிச்சு, பஸ் ஸ்டாண்டுல..."

அவள் நிறுத்தினாள்.

அக்காவின் குரல் ஜாவித்துக்கும் கேட்டது. பெஞ்சின் அந்த முனைவரை கேட்டது.

"அம்மா, அத்தா ஏந்திரிக்க மாட்றாரும்மா. தூங்கறாருன்னு நெனச்சேன். தட்டித் தட்டி எழுப்பறேன், கண்ண மட்டும் தொறக்கறாரு. என்னப் பாத்து யாரும்மா நீன்னு கேக்கறாரு. அம்மா, அத்தா என்ன யாருன்னு கேக்கறாரும்மா."

"எப்பலருந்து?"

"இப்பதான். இப்ப அஞ்சு நிமிஷமா. நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு."

"ஆம்புலன்ஸக் கூப்புடு. நூத்தியெட்டு அடி. பக்கத்துல மோசஸ் அண்ணன் வூட்டுக்கு ஓடு, அவரக் கூட்டினு வா. நாங்க வந்துடறோம். பொண்ணே, அழாத. போனு வை. போனு வெச்சுட்டு ஓடு."

ஷஹர்பானு எழுந்தாள். கூடையை எடுத்தாள். டப்பாவின் மூடியைத் தேடினாள். அது பெஞ்சுக்கு அடியில் உருண்டிருந்தது. எடுக்கவில்லை. ஆட்டோ நிற்கும் பக்கம் நான்கு அடி நடந்தாள். அவன் வரவில்லை என்று தெரிந்து திரும்பினாள்.

ஜாவித் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். விரல்களில் மீன் ஒட்டியிருந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. குழந்தையைப்போல் அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"நான் நோம்ப வுட்டதாலயாம்மா?"